விளம்பர இடைவேளைக்கு நிற்பவர்

அமெரிக்கச் சமவெளியில் இருக்கிற எங்கள் ஹார்லன் ஃபோர்க்கில் வெர்லின் ஹ்ருஸ்காவைத் திட்டாத ஆள் கிடையாது. தெருவில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா வெர்லின்?" என்று கேட்கிற அதே வாய், சனிக்கிழமை மதியம் எழுபதாயிரம் பேரோடு பல்கலைக்கழக மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பார்த்து ஊளையிடும். அவர் யாருக்கும் கெடுதல் செய்தவரில்லை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, சிவப்புத் தொப்பியும் முழங்கைவரை சிவப்பு உறையும் மாட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டி நாலு எட்டு உள்ளே வந்து நிற்பார். அவ்வளவுதான் அவர் வேலை. அவர் நின்றால் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் கையைச் சுழற்றிக் காட்டிவிட்டு வெளியே வரும்வரை நடுவர் விசிலை வாயில் வைக்க மாட்டார். அமெரிக்க ஃபுட்பாலின் முட்டைப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடக் காத்திருக்கும் இருபத்திரண்டு தடியன்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நிற்பார்கள்.

நவம்பரில் வடக்கேயிருந்து அடிக்கிற காற்றில் மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். விளம்பரம் போடுகிறவன் நியூயார்க்கில் இருக்கிறான். வெர்லின் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அதனால் அவருக்கு ஊரில் விளம்பரம் என்று வேறு பெயரே வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோல் பங்க்கில் காபி ஊற்றிக்கொள்ளப் போனால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

"என்ன விளம்பரம், நேத்து எங்கப்பாவ கைத்தாங்கலா கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து உக்கார வச்சு, வரிசையில நின்னு ஒரு சாசேஜும் வாங்கித் தின்னுட்டேன். அப்பவும் நீ அங்கனயே நிக்கிற!"

"ட்ரக்கு விளம்பரம் ரெண்டு, பீரு ஒண்ணு, இன்சூரன்ஸ் ஒண்ணு. நான் என்னப்பா பண்ண?"

"பேசாம வெளிய நடந்து வர வேண்டியதுதானே. எவன் கேக்கப் போறான்?"

"கேக்கறதுக்குக் காதுக்குள்ளயே ஒருத்தி உக்காந்திருக்கா."

அது உண்மை. மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், தொலைக்காட்சிக்காரர்களின் பெரிய லாரி நிற்கும். அதற்குள்ளிருந்து ரெனாட்டா என்ற பெண் வெர்லினின் காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசுவாள். ஒன்பது வருஷமாகப் பேசுகிறாள். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவருடைய பெயர் வெர்லின் என்பதே அவளுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். அவளுக்கு அவர் "செவப்பு".

இது சனிக்கிழமை வேலை. மற்ற நாட்களில் அவர் எங்கள் பல்கலைக்கழக மல்யுத்த அணியின் துணைப் பயிற்சியாளர். பழைய கூடைப்பந்து அரங்கத்துக்கு அடியில், வியர்வையும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து நாறும் ஒரு நிலவறையில் இருபத்தாறு வருஷம். அவரும் ஒருகாலத்தில் அந்தப் பாயில் புரண்டவர்தான். இரண்டு காதும் நசுங்கிப் போயிருக்கும். மல்யுத்தக்காரன் என்பதற்கு அதைவிடச் சான்றிதழ் வேண்டாம். தலைமைப் பயிற்சியாளர்கள் நாலு பேர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அடுத்தது நாம்தான் என்று இலவு காத்த கிளியாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து வேறொருவனைக் கொண்டுவந்தார்கள். வெர்லின் வழக்கம்போலக் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாயைத் துடைத்தார்.

ஆனால் சனிக்கிழமை அவருடையது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊர் ஊளையிட்டால் மற்றவன் கூனிக் குறுகுவான். வெர்லின் நிமிர்ந்து நிற்பார். எழுபதாயிரம் பேரும், ஆளுநரும், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஃபுட்பால் பயிற்சியாளரும் நம் கைக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. மனைவி ஆர்லிஸ் அதைச் சொல்லியே வாருவாள்.

"நீ சேவல் மாதிரிய்யா வெர்லின். நீ கூவுறதாலதான் விடியுதுன்னு நெனப்பு."

"விடியுதா இல்லயா?"

"இருபத்திரெண்டு வருஷமா இந்த சோபாவுல உக்காந்து பாக்குறேன். ஒரு தடவையாச்சும் உன்னைய டிவில காட்டியிருக்கானா? நீ நிக்கிறப்பல்லாம் எனக்குத் தெரியறது பீரு பாட்டிலுதான்."

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். மூட்டுவாதம் வந்து விரல் மடங்காமல் போனதும் நின்றுவிட்டாள். மாதம் ஒரு ஊசி. அதன் விலையைக் கேட்டால் நல்ல உடம்புக்காரனுக்கே வலி வரும். பல்கலைக்கழகக் காப்பீட்டில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியே போயிருக்க வேண்டிய பிழைப்பில், எங்கள் பல்கலைக்கழகம் விளையாட்டுக் கூட்டணி மாறியது. நூறு வருஷமாகச் சுற்றுவட்டாரச் சமவெளிப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஒரு பகல் பேருந்து தூரம். தொலைக்காட்சி நிறுவனம் வேறொரு கூட்டணிக்கு அள்ளிக் கொடுக்கிறது என்று தெரிந்ததும், கடற்கரைப் பக்கத்துப் பணக்காரப் பல்கலைக்கழகங்களோடு போய்ச் சேர்ந்துகொண்டோம். அன்றைக்கு ஊரில் வாணவேடிக்கை. தொலைக்காட்சிப் பணம் வந்தால் எல்லா விளையாட்டுக்கும் விடிவுகாலம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நாங்களும் நம்பினோம்.

பணம் வந்தது. வந்த வருஷம்தான் பணமே இல்லாமல் போனது. யானையைக் கட்டித் தீனி போட்டவன் கதைதான். இவ்வளவு பணம் வாங்குகிற அணி தோற்கலாமா? புதிய பயிற்சியாளர் வேண்டும். அதற்குமுன் பழையவரை அனுப்ப வேண்டும், அவருக்கு ஒப்பந்தப்படி போகச் சொல்வதற்கே மலையளவு பணம் கொடுக்க வேண்டும். ஆட்டக்காரப் பையன்களுக்குச் சம்பளம். தொலைக்காட்சியில் மைதானம் பழசாகத் தெரிகிறதாம், அதற்குப் புது விளக்கு. பத்து எடைப்பிரிவுக்குப் பத்துப் பையன்கள் கொண்ட மல்யுத்த அணி, முன்பு ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு பேருந்தில் போனது. இப்போது ஒரு மாலைப் போட்டிக்கு நியூ ஜெர்சிவரை பறக்க வேண்டும். அந்த விமானச் சீட்டுக்குக் காசில்லை என்றார்கள்.

நீச்சலை முதலில் எடுத்தார்கள். பிறகு ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ். ஆகஸ்டில் மல்யுத்தத் தலைமைப் பயிற்சியாளர் டீட்ரிக் வோஸ் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அயோவாவில் வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூழ்குகிற கப்பலுக்கு வெளியிலிருந்து ஆள் வரவில்லை. வெர்லினைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். இருபத்தாறு வருஷம் காத்திருந்த பதவி. கதவில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு அவர் பெயரை ஒட்டியபோது, கைப்பேசியில் ஒரு படமெடுத்து ஆர்லிஸுக்கு அனுப்பினார். பாடை தூக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

அணித் தலைவன் டோபின் ஷ்லவுட்மன்தான் கேட்டான். மேற்கே இருநூறு மைல் தள்ளி மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். நாலாம் வருஷம். அதிகம் பேச மாட்டான்.

"கோச், அடுத்து நம்மளத்தான் எடுக்கப் போறாங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்றாங்க. சின்னப் பசங்க வேற காலேஜ் பாக்கலாமான்னு கேக்குறானுங்க. இப்பவே தெரிஞ்சா போயிருவானுங்க. மார்ச்சுல எல்லா எடமும் நெரம்பினப்புறம் தெரிஞ்சா எங்க கோச் போவானுங்க?"

"நான் பேசுறேன்டா. நான் இருக்கேன்ல."

விளையாட்டுத் துறை இயக்குநர் பிராண்ட்லி கூன்ட்ஸுக்கு நாற்பத்தொரு வயது. எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தொட்டுப் பேசுகிற ஆள்.

"வாங்க வெர்லின், வாங்க தலைவரே. மல்யுத்தம்னா எனக்கு உசுரு தெரியுமில்ல? எங்க தாத்தா மல்யுத்தக்காரரு."

"பசங்க பயந்து கெடக்குறானுங்க சார். எதுவானாலும் இப்பவே சொல்லிட்டா…"

"முடிவே எடுக்கல தலைவரே! ஆட்சிக்குழு கூடணும், பேசணும். உண்மைய சொல்லட்டுமா? அவங்களுக்கு இப்படி ஒரு டீம் இருக்கறதே தெரியல. யாரு பாக்குறா சொல்லுங்க? கண்ணுல படணும். இன்னிக்குக் கண்ணுல படாதது எதுவும் நெலைக்காது."

வெர்லினுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தன் யோசனை என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"போன மார்ச்சுல பழைய கூட்டணிக் கோப்பைய ஜெயிச்சானுங்கல்ல சார். ஃபுட்பால் நடக்கறப்ப மைதானத்துல நிக்க வச்சுப் பாராட்டினா? டிவில காட்டினா?"

கூன்ட்ஸ் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "பிரமாதம்! நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. மூணாவது கால்பகுதி, ரெண்டாவது இடைவேளை. பசங்க முழு உடுப்புல வரட்டும், கோப்பையோட. நாடே பாக்கட்டும். டிவிகாரங்ககிட்ட நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் பசங்கள வெளிய எதுவும் பேச வேணாம்னு சொல்லுங்க. பத்திரிகைகாரன் வந்தா கெடுத்துருவான்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை வெர்லினுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆர்லிஸ் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்தாள். அவர் ரொட்டியைச் சில்லியில் முக்கி முக்கித் தின்றுகொண்டே சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த நேரத்துல காட்டுறாங்களாம்?"

"மூணாவது கால்பகுதி, ரெண்டாவது இடைவேளை."

"ஏய்யா, இடைவேளைல நீதானே நிப்ப?"

"ஆமா."

"நீ நின்னா டிவில விளம்பரம் ஓடும். பசங்க நிக்கிறப்ப பீரு பாட்டில்தானே தெரியும்?"

"முடிஞ்சு திரும்பி வர்றப்ப பதினஞ்சு செகண்டு காட்டுவாங்களாம். கூன்ட்ஸ் பேசிட்டாரு."

"அந்த லாரிக்காரிகிட்ட நீ கேட்டியா?"

கேட்கவில்லை. இடுப்பில் தொங்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ரெனாட்டா பதில் சொல்லியிருப்பாள். நடுவில் இரண்டு சனிக்கிழமைகள் இருந்தன. ஊரில் வேறு எவன் ஏமாந்திருந்தாலும் மன்னிக்கலாம். தான் நிற்கிற நேரத்தில் கேமரா இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்பது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர். அவர்தான் ஏமாந்தார். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்காமலே இருந்தார்.

பையன்கள் தலைமுடி வெட்டிக்கொண்டார்கள். நூற்றிருபத்தைந்து பவுண்டு எடைப்பிரிவுக்காரன் கோப்பையைப் பல் விளக்குகிற பசை போட்டுத் தேய்த்தான். டோபினின் அம்மா மாதா கோயில் அறையில் பெரிய தொலைக்காட்சி வைத்து, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தாள்.

"நெஜமா காட்டுவாங்களா கோச்? அம்மா அறுபது பேரைக் கூப்ட்ருக்காங்க."

"காட்டுவாங்கடா. நான்தானே நிக்கிறேன் அங்க."

ஆட்டத்தன்று காலை பதினொரு மணிக்கு, மைதானத்துக்குப் போகிற சுரங்கவழியில் கூன்ட்ஸ் அவரைப் பிடித்தார். நல்ல கோட்டு, நல்ல வாசனை.

"தலைவரே, ஒரு நல்ல சேதி. வர்ற ஜூலைலேர்ந்து ஆட்ட நாள் மேற்பார்வையாளர்னு ஒரு முழுநேர வேலை போடறோம். உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். காப்பீடு அப்படியே தொடரும். வீட்டுல இப்ப எப்படி இருக்காங்க? ஊசி போட்டுக்கறாங்களா?"

"போட்டுக்கறா சார். ஜூலைல எனக்கு மல்யுத்த வேலை இருக்குமே?"

"அது வேற, இது வேற. எது நடந்தாலும் வெர்லினுக்கு இங்க ஒரு எடம் உண்டு. அத மட்டும் மனசுல வச்சுக்குங்க."

எது நடந்தாலும் என்றால் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். வெர்லின், "ரொம்ப நன்றி சார்" என்றார். கையையும் குலுக்கினார். பிறகு சிவப்பு உறையை மாட்டிக்கொண்டு, அதிலிருந்த சுருக்கத்தை நீவிவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு மனுஷனால் முடியும். அவரால் நாலு மணிநேரம் முடிந்தது.

மூன்றாவது கால்பகுதியில் விருந்தாளி அணி பந்தை எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டது. எங்கள் பக்கம் மயான அமைதி. "விளம்பரத்துக்குப் போயிட்டோம். மூணு நிமிஷம் இருபது செகண்டு" என்றாள் ரெனாட்டா. வெர்லின் உள்ளே நடந்து போய் நின்றார். ஊளை கிளம்பியது. பத்துப் பையன்கள் சிவப்பும் கறுப்புமான மல்யுத்த உடுப்பில், வெறும் தோளும் வெறும் கையுமாக, அந்தக் குளிரில் வரிசையாக ஓடிவந்து மைதானத்தின் நடுவில் நின்றார்கள். டோபின் கையில் கோப்பை. ஒவ்வொருவனும் எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கிக்காரர் கம்பீரமாக ஆரம்பித்தார். தொண்ணூற்றொரு வருஷப் பாரம்பரியம் என்றார். பதினான்கு கூட்டணிக் கோப்பைகள் என்றார். பையன்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "இந்தப் பருவத்தோடு விடைபெறும் நம் மல்யுத்த அணிக்கு, அவர்களின் கடைசிப் பருவத்துக்கு, எல்லோரும் எழுந்து நின்று நன்றி சொல்வோம்!"

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே தட்டினோம். பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலே பெரிய மனிதர்களின் கண்ணாடி அறையிலிருந்து கூன்ட்ஸும் தட்டினார். அந்த நிமிஷமே மல்யுத்த அணியைக் கலைக்கிற பல்கலைக்கழகத்தின் அறிவிப்பும் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. ஃபுட்பால் நடக்கிறபோது போட்டால் மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியே ஆயிற்று.

பையன்களுக்கு முதலில் விளங்கவில்லை. கைதட்டலுக்கு இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். டோபினுக்கு விளங்கிவிட்டது. கோப்பையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தான். மல்யுத்தக்காரன் இனிமேல் பாயில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தால், கடைசி ஆட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றிப் பாயின் நடுவில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்விடுவான். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அந்தக் காலணியை வேறு எவனும் தொட மாட்டான். டோபின் தன்னுடையதை மைதானத்தைப் பாதியாகப் பிரிக்கும் ஐம்பதாம் கோட்டின்மேல் ஜோடியாக வைத்தான். அடுத்தவன் பார்த்தான், உட்கார்ந்தான். ஒவ்வொருவனாகப் பத்துப் பேரும். பதினெட்டு வயசுக் கனப்பிரிவுக்காரன் சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதுகொண்டே, முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்தான்.

கைதட்டல் நின்றுவிட்டது. எங்களில் பலருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. புரிந்தவர்கள் மணி பார்த்தார்கள்.

"முப்பது செகண்டு, செவப்பு" என்றாள் ரெனாட்டா.

காலுறையோடு நின்ற டோபின் நேராக வெர்லினிடம் வந்தான்.

"கோச், நீங்க நில்லுங்க."

வெர்லின் அவனைப் பார்த்தார்.

"நீங்க வெளிய போகாதவரைக்கும் ஆட்டம் தொடங்காதுல்ல? விளம்பரம் முடிஞ்சுரும். அப்புறம் அவனுங்க எதையாச்சும் காட்டித்தானே ஆவணும்? எங்களத்தான் காட்டணும். அம்மா பாத்துட்டிருக்காங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க கோச். சும்மா நின்னா போதும்."

அவன் சொன்னது சரி. இருபத்திரண்டு வருஷமாக வெர்லின் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே: நான் நின்றால் எல்லாம் நிற்கும். நாடு முழுவதும் பார்க்க, அந்தப் பத்துக் காலுறைப் பையன்களும் இருபது காலணியும் ஒரு நிமிஷம் திரையில் நின்றிருக்கும். பெயர் கேட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டிருப்பார்கள். அணி பிழைத்திருக்குமா, தெரியாது. வெர்லின் அந்த வேலையில் பிழைத்திருக்க மாட்டார், அது தெரியும்.

"இருபது. ஆளுங்கள வெளிய எடு, செவப்பு."

நடுவர் அந்தப் பக்கம் திரும்பி, தன் ஆட்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"கோச்" என்றான் டோபின்.

வெர்லின் மைதானத்தின் நடுவுக்கு ஓடினார். அறுபது வயதை நெருங்குகிற முழங்காலோடு குனிந்து, காலணிகளைப் பொறுக்கினார். கயிற்றைப் பிடித்து இரண்டு, நாக்கைப் பிடித்து இரண்டு, அக்குளில் இடுக்கி நாலு, மார்போடு அணைத்து மிச்சம். ஒன்று நழுவி விழுந்தது, திரும்பிப் போய் எடுத்தார். ஆட்டம் தொடங்கப்போகிறது என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. எங்கோ ஒருவன் "அப்படிப் போடு விளம்பரம்!" என்று கத்தினான். அது பரவியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக எழுபதாயிரம் பேரும் வெர்லின் ஹ்ருஸ்காவுக்குக் கைதட்டினார்கள். சுமையோடு ஓடிவந்து கோட்டைத் தாண்டினார். கை காலியாக இல்லாததால் முழங்கையைச் சுழற்றிக் காட்டினார். விசில் ஊதியது. பந்து பறந்தது.

"நாலு செகண்டு மிச்சம்! கில்லாடிய்யா நீ" என்றாள் ரெனாட்டா.

வெர்லின் அப்போதுதான் அந்தப் பொத்தானை அழுத்தினார்.

"ரெனாட்டா, பசங்கள காட்டுனீங்களா?"

"எந்தப் பசங்கள?"

அவர் விரலை எடுத்துவிட்டார். பையன்கள் வடக்கு வாசல் வழியாக, குளிர்ந்த சிமெண்டில் காலுறையோடு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். வெர்லின் காலணிகளைப் பெஞ்சுக்குப் பின்னால் அளவு வாரியாக அடுக்கி வைத்தார். யாருடையது எது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரியும். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை இன்னும் ஐந்து தடவை உள்ளே போய் நின்றார், ஐந்து தடவையும் சரியான நேரத்தில் வெளியே வந்தார். நாங்கள் ஆறு புள்ளியில் தோற்றோம். ஊர் அதைத்தான் இன்றுவரை பேசுகிறது.

வீட்டில் ஆர்லிஸ் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டோபினோட அம்மா போன் பண்ணினா. அவங்க டிவில ஏதோ கோளாறாம், நம்ம வீட்டுல தெரிஞ்சுதான்னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும்?"

வெர்லின் நடந்ததைச் சொன்னார். பாதியை விட்டுவிட்டுச் சொன்னார். அவள் மிச்சத்தைக் கேட்டு வாங்கினாள். சொல்லி முடித்ததும் காலையில் கூன்ட்ஸ் சொன்ன வேலையைப் பற்றியும் சொன்னார்.

"காப்பீடு தொடருமாம். உன் ஊசிக்கு…"

"எம்பேர இதுல இழுக்காத வெர்லின்."

"நெஜமா உனக்காகத்தான்…"

"குனிஞ்சு பொறுக்குனியே, அப்ப என் நெனப்பு இருந்துச்சா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் நினைத்தது இருபது செகண்டுக்குள் முடியுமா என்பதை மட்டும்தான். ஆர்லிஸ் எழுந்து, வளையாத விரலால் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மாதமும் ஊசி போட்டுக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சி. வெர்லின் பாயைத் துடைத்து, பத்து ஜோடிக் காலணிகளையும் சுவரோரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரை ஆயிற்று. நாலு மணிக்கு டோபின் மட்டும் வந்தான். தன் அலமாரியைத் திறந்து, தலைக்கவசத்தையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டான்.

"மத்தவனுங்க?" என்றார் வெர்லின்.

"வர மாட்டாங்க கோச். சீசன் ஆட வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"உன் ஷூ அங்க இருக்குடா."

டோபின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு நின்றான்.

"ஒண்ணு கேக்கணும் கோச். சண்ட போட வரல. அந்த ஷூவ எடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"

வெர்லின் வாயைத் திறந்தார். ரெனாட்டா என்று சொல்ல நினைத்தார். அவள் ஆட்களை வெளியே எடுக்கச் சொன்னாள், காலணி இருந்ததே அவளுக்குத் தெரியாது. நடுவர் என்று சொல்லலாம். நடுவர் திரும்பியே பார்க்கவில்லை. கூன்ட்ஸ் கண்ணாடிக்குள் இருந்தார். வேறு யார் பெயராவது கிடைக்குமா என்று தேடினார்.

"யாரும் சொல்லலடா" என்றார்.

"அப்படித்தான் நானும் அம்மாகிட்ட சொன்னேன்" என்றான் டோபின். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இரண்டரை மணிக்கு. வெர்லின் பதினொரு மணிக்கே போய்விட்டார்.